யாருக்குக் குளிருது?

வட மினசோட்டாவில் மான் உண்டு, கரடி உண்டு, ஆளையே தூக்கிக்கொண்டு போகிற கொசுவும் உண்டு. இவற்றைப் பற்றியெல்லாம் வண்ணப்படம் போட்டுப் புத்தகம் வந்திருக்கிறது. ஆனால் இவற்றைவிட அதிகமாகக் கண்ணில் படுகிற ஒரு பிராணியைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. அக்டோபரில் இலை உதிர்ந்ததும் ஊரில் எல்லாரும் படகைக் கழுவி, துடைத்து, மோட்டாரில் தங்கிய தண்ணீரை வடித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள் அல்லவா? அப்போது இவர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் படகை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்புவார். எங்கே என்று கேட்டால், "சும்மா, கடைசியா ஒரு தடவை" என்பார். போன சனிக்கிழமையும் அதைத்தான் சொன்னார். அதற்கு முந்தின சனிக்கிழமையும் அதையேதான். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கடைசித் தடவைக்காரர்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஆகஸ்டில் மீன் பிடிக்கிறவர்களை இவர் ஒரு மனிதராகவே மதிப்பதில்லை. "அரை டிராயரைப் போட்டுக்கிட்டு, பீர் குடிச்சுக்கிட்டுப் பிடிக்கறதுக்குப் பேரு மீன்பிடியா? அதுக்கு ஓட்டல்ல போய் வறுத்த மீன் வாங்கித் தின்னுட்டுப் போகலாமே" என்பார். தண்ணீர் சில்லிட்ட பிறகுதான் பெரிய மஸ்கி வெளியே வருமாம். நீளத் தாடையும் ஊசி ஊசியாகப் பல்லும் உள்ள அந்த மீன், ஏரி உறைவதற்கு முன்னால் வெறிபிடித்துத் தின்னுமாம். அப்போது ஏரியில் ஒரு ஈ காக்காய் இருக்காது, மொத்த ஏரியும் நமக்குத்தான் என்பார். ஏன் ஒரு ஈ காக்காய் இருக்காது என்பதை மட்டும் அவர் யோசித்துப் பார்த்ததில்லை. சரி, இத்தனை வருஷத்தில் அந்தப் பெரிய மஸ்கி வந்ததா? வந்தது. ஒவ்வொரு வருஷமும் படகு வரைக்கும் வந்து, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் அசல் மாதிரி வெர்ன் ஹாக்லண்ட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் அவர் உடுத்திக்கொள்வதைப் பார்க்க டிக்கெட் போடலாம். உள்ளே கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளி, அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதன் மேல் மார்லிஸ் (அவர் மனைவி) பின்னிய ஸ்வெட்டர், அதன் மேல் மெத்தை மாதிரி பஞ்சு வைத்து, தோள்பட்டை வரைக்கும் ஏறும் கால்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் கரடியே பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரு ஜாக்கெட் என்று ஏற்றி, கடைசி ஜிப்பைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்ட அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒண்ணுக்கு வரும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிறகு சமையலறைக்குப் போவார். பான்கேக் ஒட்டாமல் இருக்கக் கல்லில் பீச்சி அடிக்கும் எண்ணெய் டப்பா இருக்கிறதே, அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்வார். தூண்டில் கழியில் வரிசையாக வளையங்கள் உண்டு, நூல் அவற்றின் வழியாக ஓட வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் நூலோடு வரும் தண்ணீர் அந்த வளையத்திலேயே கட்டியாகி ஓட்டையை அடைத்துவிடும். அதற்குத்தான் எண்ணெய். எண்ணெய் அடித்தால் பனி பிடிக்காதா என்று கேட்கிறீர்களா? பிடிக்கும். அப்புறம் ஒவ்வொரு வளையமாக வாயில் வைத்துக் குழந்தை மிட்டாய் சப்புவதுபோல் சப்பிக் கரைக்க வேண்டும். ஆகையால் நவம்பர் மாதத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் முட்டை அடிப்பிடித்திருக்கும், ஆண்களின் உதடு வெடித்திருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த இனத்தின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவே வராது. குளிர் என்ற வார்த்தை. உதடு நீலம் பாரித்து, மூக்கு நுனியில் தொங்கும் சொட்டு தொங்கின இடத்திலேயே கெட்டிப்பட்டிருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "மோசமில்ல" என்பார். அதைவிடக் கடுமையாக இருந்தால், "காத்து கொஞ்சம் தொடுது" என்பார். காது உதிர்ந்து கையில் வந்துவிடும் என்ற நிலைமையில், "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்பார். பேங்க் வாசலில் டிகிரி காட்டும் போர்டை அவர் நம்புவதில்லை. "பேங்க்காரன் எதைத்தான் சரியாச் சொல்லியிருக்கான்?" அவ்வளவுதான். படகில் இருவர் இருந்தால் யார் அந்த வார்த்தையை முதலில் சொல்கிறாரோ அவர் தோற்றவர். அடுத்த வருஷம் வரைக்கும் ஊரே அவரைப் பார்த்து, "ஸ்வெட்டர் வேணுமா?" என்று விசாரிக்கும்.

கிளம்பலாம் என்பதையும் நாங்கள் வாயால் சொல்வதில்லை. யார் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி, போக நினைக்கிறவர் இரண்டு கையாலும் தன் இரண்டு முட்டியையும் ஒரு தட்டுத் தட்டி, "சரி... அப்போ" என்பார். உடனே மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள், விடுதலை. தட்டுகிற தைரியம் உள்ளவர் ஒருத்தர் இல்லாவிட்டால் விருந்தாளி விடிய விடிய உட்கார்ந்திருப்பார். படகில் இந்தத் தைரியம் யாருக்கும் வராது.

மார்லிஸுக்கு இதெல்லாம் அத்துப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெர்ன், நாளைக்கு இன்னொரு தடவை போகலாம் என்று படகை ஏரிக்கரையிலேயே கட்டிவிட்டு வந்தார். விடிந்து பார்த்தால் படகைச் சுற்றி ஏரி இறுகிக் கிடந்தது. மரம் அறுக்கும் ரம்பத்தால் பனிக்கட்டியை அறுத்துத்தான் அதை மீட்டார்கள். தெருவே போய் வேடிக்கை பார்த்தது. அன்றைக்கே மார்லிஸ் சொல்லிவிட்டாள்:

"இன்னொரு தடவை படகு பனியில மாட்டிச்சுன்னா, அது டாரெலுக்கு."

டாரெல் அவள் அண்ணன் மகன். அந்தப் பேச்சு காதில் விழுந்த வாரமே டேப்போடு வந்து, படகின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனான். "சும்மாதான் மாமா, தெரிஞ்சுக்கலாம்னு" என்றானாம். வெர்ன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அந்தப் படகு அவருக்கு உயிர், அதில் கேலியே இல்லை. பழைய டூத்பிரஷ் வைத்து இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவுகிறவர். பேருந்தில் முப்பது குழந்தைகள் பின்னாலிருந்து கத்தக் கத்த ஓட்டிய மனிதருக்கு, யாரும் கத்தாத ஓர் இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

மார்லிஸின் இரண்டாவது சட்டம், தனியாகப் போகக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் தூக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? நியாயம்தான். ஆனால் வெர்னோடு ஒரு தடவை போனவர் மறு தடவை தொலைபேசியை எடுக்க மாட்டார். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் மிச்சமிருந்தது நான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன் இல்லை. சும்மா துணைக்குப் போகிறவன்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. ஏரியின் ஓரங்களில் கண்ணாடித்தாள் மாதிரி பனி படர ஆரம்பித்திருந்தது. மார்லிஸ் வாசலில் நின்று, அடுப்புச் சாம்பல் நிறைந்த வாளியை பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏற்றினாள். படகை இறக்கும் சிமென்ட் சரிவு வழுக்கினால் சக்கரத்துக்கு அடியில் கொட்டுவதற்கு. ஃபிளாஸ்க்கில் காபி தந்தாள். "காத்து கொஞ்சம் தொடும்போல இருக்கு, இதையும் போட்டுக்கோ" என்று ஒரு மப்ளரையும் தந்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள படகு கொட்டகைக்கு வந்துடணும், வெர்ன்."

"மத்தியானமே வந்துடுவோம். இதான் கடைசித் தடவை."

"டாரெல் கராஜைக் காலி பண்ணி வெச்சிருக்கானாம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் வெர்ன் என்ன செய்தார் தெரியுமா? சாம்பல் வாளியை இறக்கி வாசற்படியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தூண்டில் பெட்டியை ஏற்றினார். ஏற்கெனவே மூன்று பெட்டி இருந்தது. "பச்சை மினுமினுப்பு வெச்ச போலி மீன் இதுலதான் இருக்கு, எல்டன். மேகமூட்டத்துல அதைத்தான் கடிக்கும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. துணைக்குப் போகிறவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

சரிவில் படகை இறக்கினோம். காலி டிரெய்லரை வெர்ன் மேலே இழுத்துக்கொண்டு போகையில், அதிலிருந்து தண்ணீர் சரிவு முழுக்கச் சொட்டிக்கொண்டே போனது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். இருவரும் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

நடு ஏரியில் காற்று ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தது.

"எப்படி இருக்கு?" என்றார் வெர்ன்.

"மோசமில்ல."

"போன வருஷத்துக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்ல."

காபி எடுத்து நீட்டினார். எங்கள் ஊரில் காபி தந்தால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூலையில் இது மரியாதை. நவம்பரில் மூன்றாவது தடவை வருவதற்குள் காபியின் மேல் ஓர் ஆடை படிந்திருந்தது, பாலாடை இல்லை. அதை உடைத்துவிட்டுக் குடித்தேன்.

மத்தியானம் ஆயிற்று. கால் விரல்கள் பூட்ஸுக்குள் இருக்கின்றனவா, வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேனா என்று தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை முட்டியை நோக்கித்தான் போனது. தட்டியிருப்பேன். அந்த நேரம் பார்த்து வெர்ன் திரும்பி என் கையையே வெறித்தார். இவ்வளவுதானா நீ என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. முட்டியில் ஒட்டியிருந்த பனித்தூளைத் தட்டிவிடுவதுபோல் பாவனை செய்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை அவர் முட்டிக்குப் போனது.  கண் கொட்டாமல் பார்த்தேன்.

"முட்டி அரிக்குது" என்றார் வெர்ன்.

"எனக்கும்தான்" என்றேன்.

"ஒரே ஒரு வீச்சு?"

"வீசு, வீசு. யார் வேணாம்னா?"

அந்த வீச்சில்தான் வந்து தொலைத்தது. பச்சை மினுமினுப்புக்குப் பின்னாலேயே, ஆள் கால் நீளத்துக்கு ஒரு நிழல், அவசரமே இல்லாமல் படகு வரைக்கும் வந்தது. வெர்ன் கழியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மீனுக்கு ஆசை காட்ட எட்டு எழுதுவதுபோல் சுழற்றினார். மஸ்கி வாயைத் திறந்தது. இன்னும் கொஞ்சம் நூல் விட்டிருந்தால் விழுங்கியிருக்கும். விடலாம் என்று பார்த்தால் வளையம் எல்லாம் பனி அடைத்து, நூல் ஒரு அங்குலம் நகரவில்லை. மீன் அவரை ஒரு பார்வை பார்த்தது. வருஷாவருஷம் பார்க்கிற அதே பார்வைதான். திரும்பிக் கீழே போய்விட்டது.

"எல்டன்! பாத்தியா? பாத்தியா? இங்கேதான் நிக்குது! நமக்குக் கீழதான் நிக்குது!"

இதற்குப் பிறகு எந்த மனிதன் முட்டியைத் தட்டுவான்?

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது காற்று அப்படியே நின்றுபோனது. சுகமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் நவம்பரில் காற்று நின்றால் ஏரி மூடிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். கரைப்பக்கம் பார்த்தோம். படகுத்துறைக்குப் போகும் குடாவின் வாய் பளபளவென்று இருந்தது.

"எல்டன், அது தண்ணிதானே?"

"தண்ணி மாதிரிதான் இருக்கு."

ஒரு வாத்து அதன் மேல் நடந்து போனது.

வெர்ன் தூண்டிலைக் கீழே போட்டார். மோட்டாரை முடுக்கினார். நான் முன்பக்கம் மண்டியிட்டு, துடுப்பால் பனித்தாளை உடைத்துக்கொண்டே போனேன். உடைந்த சில்லுகள் படகின் பக்கத்தைப் பிராண்டும் ஒவ்வொரு தடவையும், தன் முதுகில் பிராண்டினதுபோல் அவர் முனகினார். எப்படியோ கரை வந்து சேர்ந்தோம். வண்டியைப் பின்னால் இறக்கி, படகை டிரெய்லரில் ஏற்றி, இறுக்கிக் கட்டி, வெர்ன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. காலையில் டிரெய்லர் சொட்டிக்கொண்டு போன தண்ணீரெல்லாம் சரிவு முழுக்க இறுகி, முகம் பார்க்கலாம்போல் இருந்தது. படகின் பின்பாதி தண்ணீரில். அந்தப் பின்பாதியைச் சுற்றி ஏரி மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. ராத்திரி பூராவும் இப்படியே நின்றால், காலையில் ரம்பம், அதன் பிறகு டாரெல்.

இழுவை வண்டி வைத்திருப்பவர் மான் வேட்டைக்குப் போயிருந்தார். சாம்பல் எங்கே இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வெர்ன் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ பாவம். அப்புறம் கூப்பிட்டார்.

"மார்லிஸ்? ஒண்ணுமில்ல. இங்க கொஞ்சம் வழுக்குது."

"வாளி வாசப்படியில இருக்கு. கொண்டு வர்றேன்" என்றாள் மார்லிஸ். அவள் குரலில் ஆச்சரியமே இல்லை.

வந்தாள். அடுப்படியிலிருந்து அப்படியே காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். ஏப்ரன் மேல் ஒரு மெல்லிய கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, தலையில் ஒன்றுமில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவின் ஓரமாக இறங்கி வந்து, எங்கள் முன்னால் நின்றாள். கொட்டவில்லை.

"டாரெல்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"இன்னும் உறையல, மார்லிஸ். இதோ பாரு, ஆடுது." வெர்ன் படகைப் பிடித்து உலுக்கினார். பனித்தாள் கிலுகிலுத்தது. படகு ஆடினதாக எனக்குத் தெரியவில்லை.

மார்லிஸ் அதைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வானிலையில் எல்லாருக்கும் கலங்கும்தான், ஆனால் இது அது இல்லை.

"வெர்ன், கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வருமான்னு பாத்துக்கிட்டிருக்கேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லு, சாம்பலைக் கொட்டறேன். படகும் உனக்கே."

"எந்த வார்த்தை?"

"எந்த வார்த்தைன்னு உனக்கே தெரியும்."

வெர்ன் வாயைத் திறந்தார். தாடை கிடுகிடுவென்று ஆடியது.

"கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"கொஞ்சம் காத்து தொடுது."

"அது இல்ல."

"சிலுசிலுன்னு இருக்கு."

"அதுவும் இல்ல."

வெர்ன் படகைப் பார்த்தார். டூத்பிரஷால் தேய்த்த ஒவ்வொரு இடுக்கையும் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"எல்டன், நீயாவது சொல்லேன். உங்க ரெண்டு பேர்ல யார் சொன்னாலும் போதும், படகு தப்பிச்சுது. உனக்கு எப்படி இருக்கு?"

வெர்ன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தண்ணீரில் விழுந்தவன் கயிற்றைப் பார்க்கிற பார்வை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சிநேகிதனின் உயிர் அந்த டிரெய்லர் மேல் இருக்கிறது. எனக்குக் காது மடல் இருக்கிற இடமே தெரியவில்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் ஒரு மனிதனுக்கு வாய்க்குமா?

"மோசமில்ல" என்றேன்.

வெர்ன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தவர் மார்லிஸின் காலைப் பார்த்தார். வீட்டுச் செருப்புக்கு வெளியே விரல்கள் பீட்ரூட் நிறத்தில் இருந்தன. வாளியின் கைப்பிடி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"ஏன் மார்லிஸ், உனக்கு?"

"எனக்கா?" என்றாள் மார்லிஸ். பல் கிட்டி, அடுத்த வார்த்தை வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

மூன்று பேரும் நின்றோம். பின்னால் ஏரி மெதுவாக மூடிக்கொண்டிருந்தது. அந்த வாத்து திரும்பி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, நடந்து போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் என்ன இருக்கிறது? ஒன்றுமே மோசமில்லையே.

கடைசியில் மார்லிஸ் வாளியைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் தன் இரண்டு தொடையையும் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சரி... அப்போ."

அவளே சாம்பலைச் சக்கரத்துக்கு அடியில் கொட்டினாள். படகு ஒரு சத்தத்தோடு பனியைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியது. அன்று சாயந்திரமே கொட்டகைக்குள் போய்விட்டது. டாரெலுக்கு ஃபோன் போகவில்லை. தன்னாலேயே சொல்ல முடியாத வார்த்தைக்காக ஒரு மனிதனின் படகைப் பிடுங்க மார்லிஸுக்கு மனசு வரவில்லை.

திரும்பும் வழியில், பிக்கப்பில் ஹீட்டரை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு வெர்ன் சொன்னார்:

"எனக்கு மத்தியானமே கிளம்பிடலாம்னு இருந்துச்சு, எல்டன். நீ முட்டியைத் தட்டுவே, தட்டுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நானா? நீ தட்டுவேன்னு நான் இல்ல பாத்துக்கிட்டிருந்தேன்?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நீ சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

வீடு வந்தது. இறங்கும்போது, "நடு ஏரி இன்னும் மூடலை, கவனிச்சியா?" என்றார்.

ஆக, கடைசித் தடவைக்காரர் இப்படிப்பட்டவர். நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் ஏரியே பார்த்திருக்க மாட்டீர்கள், பனி உங்கள் ஊரில் ஃபிரிட்ஜுக்குள் மட்டும் இருக்கலாம், எனக்கும் இந்த ஆசாமிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நானும் அப்படித்தான், சும்மா துணைக்கு என்று படகில் ஏறினேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடியாத கூட்டத்தில், சகிக்காத சினிமாவில், சாப்பாட்டுக்கு மேல் இரண்டு மணி நேரம் நீண்ட விருந்தில், பக்கத்தில் இருக்கிறவர் முதலில் எழுந்திருக்கட்டும் என்று நீங்கள் உட்கார்ந்திருந்ததே இல்லையா? பக்கத்தில் இருந்தவரும் உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பதில் சொல்ல வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. என் விஷயம் முடிந்து கொஞ்ச நேரம் ஆகிறது. நீங்களும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. இஷ்டம்போல் உட்காருங்கள். நான் முட்டியைத் தட்டப்போவதில்லை.